வாழைநார் சுற்றிய பேட்டரி

எங்கள் வீட்டு ரேடியோ முதலில் பேட்டரியில்தான் பாடியது. கரண்டுக்கு மாற்றியது பிறகு. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். பேட்டரி செத்துப்போச்சு, அதனால் மாற்றினோம். எப்படிச் செத்தது என்று கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள். அது என்னைப் பற்றியது. என் நாத்தனார் மகள் போன வருஷம்கூட ஒரு கல்யாண வீட்டில் அதைச் சொல்லிச் சிரித்தாள். பேட்டரி சாகவில்லை. அதைச் சொல்ல வேண்டியவர் சொல்லாமலே போய்விட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

ரேடியோவைக் கொண்டுவந்தது என் அண்ணன். பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். என் கல்யாணத்துக்கு அவரால் வர முடியவில்லை. மறு வருஷம் லீவில் வந்தபோது, கல்யாணச் சீருக்குப் பதிலாக இது என்று ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் பிறந்தது ஆவுடையார்கோவில் பக்கம். வாழ்க்கைப்பட்டது புதுக்கோட்டையில், ஊர் ஓரத்துத் தெரு ஒன்றில். பெரிய தெருக்களில் எல்லாம் கரண்ட் இருந்தது, எங்கள் தெருவுக்கு இன்னும் கம்பம் வரவில்லை. அதைக் கேட்டு வைத்துக்கொண்டுதான் அண்ணன் பேட்டரி ரேடியோவாக வாங்கியிருந்தார். மோட்டாரில் வைப்பார்களே, அந்த மாதிரி கறுப்புப் பேட்டரி. மேலே மூன்று மூடி. தூக்கினால் அம்மிக்கல் மாதிரிக் கனக்கும்.

என் மாமனார் சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். முன்கூடம் அவருடையது. அவர் அங்கே இருக்கும்போது நான் அந்தப் பக்கம் போவதில்லை. அவர் எப்போதும் அங்கேதான் இருப்பார். அண்ணன் ரேடியோவை முன்கூடத்தில் இறக்காமல் நேரே என் அறைக்குக் கொண்டுபோய் வைத்தார். என் அறை என்றால் சமையல்கட்டுக்கு முன்னால் ஒரு சின்ன அறை. என் டிரங்குப் பெட்டியும் ஒரு ஜன்னலும் இருந்தன.

"மாமா, இது தங்கச்சிக்குன்னு கொண்டாந்தது. அவ ரூம்லயே இருக்கட்டும்" என்றார் அண்ணன். "இவ வாயத் தொறந்து பேசமாட்டா. இதாவது இவளுக்காகப் பேசட்டும்."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன்.

அண்ணன் திரும்பிப் போகுமுன் பேட்டரியை எப்படி வைத்துக்கொள்வது என்று சொல்லிவிட்டுப் போனார். உள்ளே தண்ணீர் குறைந்தால் தகடு காய்ந்துவிடும், மழைத் தண்ணீரை ஓட்டில் படாமல் வானத்திலிருந்து நேராகப் பிடித்து, துணியில் வடிகட்டி ஊற்ற வேண்டும். முனையில் வெள்ளையாகப் பூத்தால் துடைத்து எண்ணெய் தடவ வேண்டும். நான் வெண்கலப் பானையை முற்றத்தில் வைத்து மழைத் தண்ணீர் பிடித்து வைத்தேன். மூடியில் ஒன்று விரிசல் விட்டபோது மருந்துப் புட்டியின் தக்கையைச் சீவி, உள்ளே உள்ள ஆவி போக ஊசியால் ஓட்டை குத்தி அடைத்தேன். அது கச்சிதமாக உட்கார்ந்தது. என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "அடேயப்பா, இஞ்சினியரு" என்றார். அந்த ஒரு சொல்லை வெகுநாள் வைத்துக்கொண்டிருந்தேன்.

பேட்டரி தீர்ந்ததும் அவர்தான் சைக்கிளில் கட்டி எடுத்துக்கொண்டு போய்க் கடைத்தெருவில் சார்ஜ் போட்டு வருவார். அதன் கம்பிப் பிடி கையை அறுக்கும் என்று நான் பிடியில் வாழைநாரைச் சுற்றிக் கொடுப்பேன். சார்ஜ் கடையில் யாருடைய பேட்டரி என்று தெரிய பிடியில் ஒரு தகரத்துண்டைக் கட்டுவார்கள். அதற்காக என் நாரை அறுத்துப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் வெறும் பிடியோடுதான் திரும்பி வரும். நான் மறுபடியும் புது நார் சுற்றுவேன்.

அப்புறம் சண்டை கிழக்கே பரவியது. பினாங்கில் குண்டு போட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். அண்ணனிடமிருந்து கடுதாசி நின்றுபோனது. (அண்ணன் சண்டை முடிந்து எலும்பும் தோலுமாக வந்து சேர்ந்தார். ஆனால் அன்றைக்கு அது யாருக்குத் தெரியும்.) சாயங்காலம் திருச்சியிலிருந்து தமிழில் செய்தி சொல்வார்கள். அந்த நேரத்துக்குள் உலையை இறக்கிவிட்டு அறைக்கு வந்துவிடுவேன். என் வீட்டுக்காரரும் வருவார். அவர் டிரங்குப் பெட்டிமேல் உட்காருவார், நான் கீழே. பினாங்கு என்ற சொல் வருகிறதா என்று காது அதிலேயே இருக்கும். வராத நாளில், "வரலைன்னா நல்லதுதான். ஒண்ணும் நடக்கலைன்னு அர்த்தம்" என்பார். விளக்கு வைக்கும் நேரத்தில், நாலு பேர் உள்ள வீட்டில், புருஷன் பெண்டாட்டி ஒன்றாக உட்கார வேறு என்ன முகாந்திரம் இருந்தது? அந்தப் பெட்டி ஒன்றுதான்.

மாமாவுக்கும் சண்டைச் செய்தி வேண்டும். அவரைப் பார்க்க வரும் ஓய்வுபெற்ற உத்தியோகஸ்தர்களுக்கும் வேண்டும். நான் சத்தத்தைக் கூட்டி வைப்பேன், அவர்கள் முன்கூடத்திலிருந்து காதைச் சாய்த்துக் கேட்பார்கள். பாதி கேட்கும், பாதி கேட்காது. ஒருநாள் அவர்களில் ஒருவர் கேட்டார்.

"என்னங்க, ஒங்க வீட்டுல ரேடியோவுக்குமா கோஷாத் திரை? வெளிய வரவே மாட்டேங்குதே."

"மருமக வீட்டுச் சீருங்க" என்றார் மாமா.

"சரிதான். அப்ப நாமதான் வளையல் போட்டுக்கிட்டு உள்ள போகணும்."

அவர்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. மாமா சிரித்தது கேட்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டில் அவர் இரண்டாந்தரம் சோறு வாங்கவில்லை. மருமகளுக்கு வந்த சீரை எடுத்து முன்னால் வை என்று வாயால் கேட்கிறவர் இல்லை அவர்.

அதற்குச் சில நாட்கள் கழித்துப் பேட்டரி தீர்ந்தது. வழக்கம்போல நார் சுற்றிக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் எடுத்துப்போய்க் கொண்டுவந்தார். மாட்டினால் ரேடியோ முனகிவிட்டு அடங்கிப்போனது. மறுபடி எடுத்துப் போனார், கொண்டுவந்தார். அதே மாதிரி.

"கடைக்காரன் என்னமோ செல்லு போயிடுச்சுங்கிறான்" என்றார்.

பிடியைப் பார்த்தேன். என் நார் அப்படியே இருந்தது, முடிச்சுகூட அவிழவில்லை. இந்தத் தடவை கடையில் கொஞ்சம் பொறுமையான ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

எங்கள் வீட்டில் தூரமான நாட்களில் ஊறுகாய் ஜாடியைத் தொடக்கூடாது, வடகம் காய்கிற பக்கம் போகக்கூடாது. பேட்டரியையும் நானாகவே அந்தக் கணக்கில் சேர்த்திருந்தேன். உள்ளே தண்ணீர் ஊற்றி மூடி வைக்கிற பொருள்தானே, ஜாடி மாதிரித்தான் என்று நினைத்தேன். அந்த நாட்களில் தொடமாட்டேன். ஆனால் பேட்டரி தீர்ந்த அந்த மாதம் நாள் முந்திவிட்டது. காலையில் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், மத்தியானம் கொல்லைக் கொட்டகைக்குப் போகும்படி ஆயிற்று. அத்தை, அதாவது என் மாமியார், அதை மனதில் வைத்திருந்தார்.

"ஏத்தா, அன்னைக்குக் காலையில அதத் தொட்டியா இல்லையா?" என்று கேட்டார்.

"தொட்டேன் அத்தை. அப்ப ஒண்ணுமில்ல."

"ஒடம்புக்கு முன்னாடியே தெரியும். ஒனக்குத்தான் பின்னாடி தெரியும். திராவகம் உள்ள ஜாமான். ஊறுகாயே தாங்காது, இது தாங்குமா?"

என் வீட்டுக்காரர் அப்போது முற்றத்தில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லுவார் என்று நினைத்தேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அண்ணன் எங்கே இருக்கிறார் என்று தெரியாத நேரத்தில், அவர் கொடுத்த பொருளை என் கையாலேயே கெடுத்துவிட்டோம் என்று ராத்திரியெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்தேன். அந்த வாரம் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் விஷயம் போய்விட்டது. கிணற்றடியில் ஒருத்தி, "எங்க வீட்டுக் கடிகாரம் பக்கம் வந்துறாதம்மா" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது. வீட்டில் விளக்குக் கம்பி இழுத்தார்கள். ரேடியோவைக் கரண்டில் பாடும்படி மாற்றிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

"சார்ஜுக்கு அலைய வேண்டாம். நாள் பூரா பாடும். நீ பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே இருக்கலாம்."

"என் ரூமுக்குக் கம்பி வருமா?" என்று கேட்டேன்.

"வரும் வரும். எல்லாம் வரும்."

கம்பி இழுத்தவர்கள் என் அறையில் ஒரு விளக்கு போட்டுவிட்டுப் போனார்கள். ரேடியோ செருகுகிற பிளக்கு முன்கூடத்தில், மாமாவின் சாய்வு நாற்காலிக்குப் பக்கத்துச் சுவரில் இருந்தது. ஒன்றே ஒன்றுதான். என் வீட்டுக்காரரைக் கேட்டேன். "அவனுக அங்க போட்டுட்டுப் போயிட்டானுக" என்றார்.

திருச்சியிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். ரேடியோவை முன்கூடத்து மேஜைக்குத் தூக்கிப் போனார்கள். அது என் அறைக் கதவைத் தாண்டிப் போனதை நான் பார்த்தேன். நிலைப்படியில் இடித்துவிடுமோ என்று மட்டும்தான் அப்போது பயந்தேன். மெக்கானிக் முதுகுப் பலகையைக் கழற்றி, பற்றவைப்பதும் ஊதுவதுமாக நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். வெற்றிலைப் பெட்டி அளவில் ஒரு இரும்புப் பெட்டி செய்து கொண்டுவந்திருந்தார். சுவரிலிருந்து வருகிற கரண்டை அந்தப் பெட்டி பேட்டரி கரண்ட் மாதிரி ஆக்கி உள்ளே அனுப்புமாம். பேட்டரிக்குப் போகிற சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் வெட்டிக் கீழே போட்டார். கதவு இடுக்கில் எனக்கு அவர் கையும் அந்த வயர்களும் மட்டும் தெரிந்தன.

"இனிமே பேட்டரி வச்சாப் பாடாதா?" என்று மாமா கேட்டார்.

"பாடாதுங்க. உள்ள எல்லாத்தையும் மாத்திட்டேன். இங்கிட்டு வந்துட்டா இனி அங்கிட்டுப் போகாது."

"போக வேண்டாம்" என்றார் மாமா.

சாயங்காலம் அத்தை முன்கூடத்தைப் பெருக்கித் தள்ளியபோது அந்த வயர் துண்டுகள் குப்பையோடு நடைக்கு வந்தன. நுனியில் பல்லுப் பல்லாகக் கடிக்கிற பிடி இரண்டு இருந்தன. அதை மட்டும் எடுத்துத் துணி காயப்போடும் கொடியில் மாட்டிக்கொண்டேன். பேட்டரியைக் காணோம். பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டேன் என்றார் என் வீட்டுக்காரர்.

கரண்டில் ரேடியோ நன்றாகத்தான் பாடியது. ஆனால் பாட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு வண்டு முனகுகிற மாதிரிச் சத்தம் இருந்தது. பேட்டரியில் அது கிடையாது. பேச்சு நின்றால் சுத்தமாக நிற்கும், ஜன்னலுக்கு வெளியே உள்ள காக்கைச் சத்தம் கேட்கும். முன்கூடத்தில் இருந்தவர்களுக்கு அந்த முனகல் தெரிந்ததாகவே தோன்றவில்லை. செய்தி நேரத்தில் அவர்கள் பேச்சும் சேர்ந்துகொள்ளும். நான் நடைக்கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். பினாங்கு என்று வந்ததா, வேறு ஏதாவதா என்று பிடிபடாது. என் வீட்டுக்காரரும் இப்போது முன்கூடத்தில்தான் உட்கார்ந்தார், அவர் அப்பாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில். செய்தி முடிந்து உள்ளே வந்ததும், "என்ன சொன்னான்?" என்று கேட்டால், "அதேதான்" என்பார்.

பங்குனித் திருவிழாவுக்கு எல்லோருமாக வண்டி கட்டிக்கொண்டு குடுமியான்மலைக்குப் போனோம். மாமாவின் சொந்தக்காரர்கள் அந்தப் பக்கம் இருந்தார்கள். கோயிலுக்கு வெளியே பந்தலில் கதை நடந்தது. பேசுகிறவர் குரல் ஊர் பூராவும் கேட்கும்படி ஸ்பீக்கர் செட்டு வைத்திருந்தார்கள். பெண்கள் உட்காருகிற பக்கத்தை ஒட்டித்தான் அதன் மேஜை. நான் முன்வரிசை ஓரத்தில் இருந்தேன். மேஜைக்குக் கீழே கறுப்புப் பேட்டரி ஒன்று. மூன்று மூடியில் ஒன்று மூடி இல்லை, சீவின தக்கை. நடுவில் ஊசி ஓட்டை.

கதையில் என்ன சொன்னார் என்று இப்போது கேட்டால் ஒரு வரி தெரியாது. அந்தத் தக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதை முடிந்து கூட்டம் எழுந்தபோது என் வீட்டுக்காரர் எங்களைக் கூப்பிட வந்தார். ஸ்பீக்கர் செட்டுக்காரர் அவரைப் பார்த்ததும் சிரித்தார்.

"அண்ணே, ஒங்க பேட்டரி தங்கமான பேட்டரி. நீங்க குடுத்தப்ப ஒரு தடவ சார்ஜ் போட்டேன், கும்முனு பிடிச்சுக்கிச்சு. இத எதுக்கு அத்தன நாளு சார்ஜே போடாம வச்சிருந்தீங்க?"

என் வீட்டுக்காரர், "சரி சரி, வாரேன்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தார்.

நார் அறுபடாமல் வந்தது அப்போதுதான் எனக்கு விளங்கியது. தகரத்துண்டு கட்டினால்தானே அறுப்பார்கள். பேட்டரி கடைக்குள்ளேயே போகவில்லை.

அத்தை என் பக்கத்தில் திருநீறு மடித்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் நானாகப் பேச்சை ஆரம்பிப்பது அபூர்வம். அன்றைக்கு ஆரம்பித்தேன்.

"அத்தை, மேசைக்குக் கீழ இருக்கே, அது நம்ம பேட்டரி."

"நம்மளது செத்துப்போச்சே."

"சாகலை அத்தை. அதேதான். பாருங்க, நான் வச்ச தக்கை."

அத்தை குனிந்து பார்த்தார். தக்கை அவருக்கும் தெரிந்ததுதான். கொஞ்சம் யோசித்தார். பிறகு பேட்டரி இருந்த பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"சாமி எடத்துக்கு வந்ததும் தோஷம் போயிருச்சு பாரு" என்றார்.

வண்டி பூட்டும்வரை குளத்துப் படி ஓரம் நின்றோம். அத்தையும் மாமாவும் சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளப் போயிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவராகவே பேசினார்.

"அப்பாவ நாலு பேரு முன்னாடி கேலி பண்ணிட்டானுக. அவரு ஒன்னக் கேக்கமாட்டாரு. எனக்கும் கேக்க வாய் வரலை. கேட்டா நீ குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்கமாட்டேன்" என்றேன்.

நிஜத்தைத்தான் சொன்னேன். அண்ணன் எங்கே என்று தெரியாதபோது அதை நான் கொடுத்திருக்கமாட்டேன். அவருக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

"என் கை பட்டுச் செத்துச்சுன்னு சொன்னாங்களே, அது?"

"அது அம்மா சொன்னது. நான் சொல்லலையே."

"சொல்லலை. பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருந்தீங்க."

அவர் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

"நீங்க அத்தைகிட்ட சொல்லணும். பேட்டரிக்கு சார்ஜ் போடலை, அதான் பாடலைன்னு சொல்லணும். எனக்கு ரேடியோ வேண்டாம். இது போதும்."

"சொல்றேன்."

"எப்ப?"

"சமயம் பாத்துச் சொல்றேன்."

சித்திரை போனது, வைகாசி போனது. நான் மறுபடி கேட்கவில்லை. ஒருநாள் அத்தை, வந்திருந்த விருந்தாளிக்கு ரேடியோவைக் காட்டி, பேட்டரி போன கதையையும் குடுமியான்மலையில் அதன் தோஷம் கழிந்த கதையையும் சேர்த்துச் சொன்னார். என் வீட்டுக்காரர் விருந்தாளிக்கு விசிறிக்கொண்டிருந்தார்.

ஆனி மாதம் நான் கொட்டகையில் இருந்த நாளில் மாமா ஏதோ வேலையாகச் சமஸ்தானக் கச்சேரிக்குப் போயிருந்தார். மத்தியானம் அத்தை சாப்பிட்டுப் படுத்துவிட்டார். நான் எழுந்து கொல்லைக் கதவைத் தாண்டினேன். சமையல்கட்டு, என் அறை, நடை எல்லாவற்றையும் தாண்டி முன்கூடத்துக்குப் போனேன். அந்த வீட்டில் நான் முன்கூடத்தின் நடுவில் நின்றது அன்றைக்குத்தான். ரேடியோவின் மேல் விரித்திருந்த துணியை எடுத்துவிட்டு, மரப்பெட்டியின்மேல் உள்ளங்கையை முழுசாக வைத்தேன். இரும்புப் பெட்டியைத் தொட்டேன். சுவரிலிருந்து வரும் வயரைத் தொட்டேன். பிறகு குமிழைத் திருகினேன்.

விளக்கு எரிந்தது. முதலில் வண்டு முனகியது. பிறகு யாரோ ஒருவர் மாடுகளுக்கு வருகிற கோமாரியைப் பற்றிப் பேசினார். தெளிவாகப் பேசினார். நான் கையை எடுக்காமல் நின்று கேட்டேன். அவர் பேச்சு தடுமாறவில்லை, குறையவில்லை.

வாசல் பக்கம் நிழல் தட்டியது. என் வீட்டுக்காரர் நின்றார். நான் எந்த நாளில் எங்கே நிற்கிறேன், எதன்மேல் கை வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"சத்தத்தக் கொஞ்சம் கொறச்சு வை" என்றார். "அம்மா முழிச்சுக்கிருவாங்க."

நான் குறைக்கவில்லை. அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போய், அத்தை படுத்திருந்த அறைக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார். கோமாரிப் பேச்சு முடிந்ததும் நான் குமிழைத் திருப்பி நிறுத்தி, துணியை விரித்துவிட்டுக் கொட்டகைக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் அத்தை முற்றத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தார். கொட்டகையிலிருந்து எனக்கு அவர் குரல் நன்றாகக் கேட்கும்.

"தம்பி, மத்தியானம் ரேடியோ பேசுச்சே. ஒங்க அப்பாதான் இல்லையே. யாரு வச்சது?"

சமயம் என்றாரே, அது தானாக வந்து முற்றத்தில் நின்றது. அவதான் வச்சா, இன்னைக்குத் தொட்டா, கெட்டா போச்சு என்று சொன்னால் போதும். பேட்டரியைப் பற்றிக்கூடச் சொல்ல வேண்டாம். கொட்டகைக்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நான்தாம்மா" என்றார் அவர்.